மீட்டரைப் பார்த்து கார் வாங்காதீர்கள்

பழைய கார் வாங்கப் போகிறேன் என்று வீட்டில் வாயைத் திறந்தால் போதும், நாலா பக்கமிருந்தும் ஒரே அறிவுரைதான் வரும்: “கிலோமீட்டர் கம்மியா ஓடின வண்டியாப் பாருப்பா.” சித்தப்பா சொல்வார், அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் சொல்வார், கார் ஓட்டவே தெரியாத மாமாவும் சொல்வார். விற்பவர்களுக்கும் இது நன்றாகத் தெரியும். அதனால்தான் ஆட்டோ கன்சல்டிங் கடைகளின் விளம்பரங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கின்றன: “வேகன்-ஆர், சிங்கிள் ஓனர், 28,000 கி.மீ. மட்டுமே, டாக்டர் வண்டி.” இன்ஜின் ஆயில் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று சொல்லும் விளம்பரத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். யாரும் கேட்காததை அவர்கள் ஏன் சொல்லப் போகிறார்கள்?

இரண்டு லட்சம், மூன்று லட்சம், மிஞ்சினால் நான்கு லட்சம் ரூபாயைச் சேர்த்து வைத்துக்கொண்டு, செலவு வைக்காத ஒரு சிறிய ஹேட்ச்பேக்கைத் தேடும் குடும்பங்களை இந்த ஒற்றை எண் ஆட்டிவைக்கிறது. அவர்களுக்கு அது தவறான வழிகாட்டி என்பதே என் வாதம். குறைந்த கிலோமீட்டர் மோகம் வண்டியின் உண்மை நிலையை மறைக்கிறது. மீட்டரைத் திருத்தும் மோசடிக்குத் தீனி போடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அதே பணத்துக்கு வயது கூடிய, பாதுகாப்பு குறைந்த வண்டியை நம் தலையில் கட்டுகிறது.

எதிர்த்தரப்பின் நியாயத்தை முதலில் முழுதாகச் சொல்லிவிட வேண்டும். ஓட ஓட வண்டி தேயும். கிளட்ச் பிளேட் தேயும், பிரேக் பேட் தேயும், சஸ்பென்ஷன் புஷ்ஷும் பால் ஜாயின்ட்டும் தளரும், வீல் பேரிங் முனகத் தொடங்கும். ஆகவே குறைவாக ஓடிய வண்டியில் தேய்மானமும் குறைவு. இதில் எனக்கு மறுப்பு இல்லை. ஒரே ஆண்டில் வந்த, ஒரே மாதிரி பராமரிக்கப்பட்ட, ஒரே சாலையில் ஓடிய இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் குறைவாக ஓடியதைத்தான் நானும் எடுப்பேன். ஆனால் சந்தையில் அப்படி இரட்டையர்கள் நிற்பதில்லை. அங்கே நிற்பவை வெவ்வேறு வயது, வெவ்வேறு ஓட்டுநர், வெவ்வேறு ஊர், வெவ்வேறு பராமரிப்பு கொண்ட வண்டிகள். இத்தனை வேறுபாடுகளையும் ஒரே எண்ணால் அளக்க முடியும் என்று நினைப்பதுதான் தவறு.

ஓடாமல் கெடுவது

காரில் இரண்டு விதமான கேடு நடக்கிறது. ஒன்று ஓடுவதால் வரும் தேய்மானம். மற்றது ஆண்டுகள் கழிவதால் வரும் சிதைவு. மீட்டர் முதலாவதை மட்டும் எண்ணுகிறது.

பத்து ஆண்டில் 28,000 கி.மீ. ஓடிய காரை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 2,800, நாளைக்கு எட்டு கிலோமீட்டர்கூட இல்லை. அதாவது காய்கறிக் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய் வந்த வண்டி. இன்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் வீடு வந்துவிடும். எரிபொருள் எரியும்போது உண்டாகும் நீராவியும், எரியாமல் தங்கும் பெட்ரோலும் சூடேறிய இன்ஜினில் ஆவியாகி வெளியேறிவிடும். சூடேறாத இன்ஜினில் ஆயிலோடு கலந்துவிடும். மாதக் கணக்கில் இப்படியே நடந்தால் ஆயில் கெட்டியாகி, உள்ளே கசடு படியும். சைலன்சரிலும் தண்ணீர் தங்கி உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.

இந்த வண்டிக்குத்தான் ஆயிலை அடிக்கடி மாற்றியிருக்க வேண்டும். கம்பெனிகள் பொதுவாகச் சொல்லும் கணக்கு 10,000 கி.மீ. அல்லது ஓராண்டு, எது முதலில் வருகிறதோ அது. நம் ஆட்கள் அதில் முன்பாதியை மட்டும் படிப்பார்கள். “இன்னும் பத்தாயிரம் ஓடலையே, எதுக்கு சர்வீஸ்?” என்று மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஆயில் மாற்றியவரின் வண்டிதான் பத்து ஆண்டு கழித்து “28,000 மட்டுமே” என்று விற்பனைக்கு வருகிறது. பத்து முறை மாற்ற வேண்டிய ஆயிலை மூன்று முறை மாற்றிய வண்டி அது. மீட்டரில் அது தெரியாது.

டயரைப் பாருங்கள். 28,000 கி.மீ. ஓடிய டயரில் பட்டன் நன்றாகவே இருக்கும். ஆனால் டயரின் பக்கவாட்டில் அது தயாரான வாரமும் ஆண்டும் நான்கு இலக்கமாக அச்சாகியிருக்கும்: 2215 என்றால் 2015-ன் 22-வது வாரம். பத்து ஆண்டு வெயிலில் நின்ற ரப்பர் இறுகிப்போயிருக்கும்; மழையில் பிரேக் அடித்தால் பிடிக்காது. விரித்துப் பார்த்தால் மயிரிழை வெடிப்புகள் தெரியும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. வண்டி நின்றாலும் அது கெடும். பேட்டரி மூன்று நான்கு ஆண்டில் போய்விடும். கூலன்ட் ஹோஸ் விறைக்கும். ஏ.சி.யை மாதக் கணக்கில் போடாவிட்டால் கம்ப்ரஸர் சீல் காய்ந்து கேஸ் கசியும். எத்தனால் கலந்த பெட்ரோல் டாங்கில் நாள்பட நின்றால் ஈரத்தை இழுக்கும். போதாததற்கு, ஓரமாக நிற்கும் காரின் ஒயரிங் எலிகளின் குடும்பச் சொத்து.

டைமிங் பெல்ட் இன்னும் முக்கியம். சான்ட்ரோ ஜிங், 1.1 லிட்டர் ஐ10, ஆல்ட்டோ 800 ஆகியவற்றின் இன்ஜினில் இருப்பது ரப்பர் பெல்ட். இதற்குக் கிலோமீட்டர் கெடுவோடு ஆண்டுக் கெடுவும் உண்டு. பெல்ட் அறுந்தால் பல இன்ஜின்களில் பிஸ்டன் வால்வை இடித்து வளைத்துவிடும்; ஹெட்டைக் கழற்ற வேண்டியிருக்கும். “முப்பதாயிரம்தான் ஓடியிருக்கு, பெல்ட் எதுக்கு மாத்தணும்?” என்று பன்னிரண்டு வயது பெல்ட்டோடு சான்ட்ரோவை வாங்கிச் செல்பவர், சாலையில் நிற்கும் நாளுக்காகக் காத்திருக்கிறார். அதே ஐ10-ன் 1.2 லிட்டர் கப்பா இன்ஜினிலும், மாருதியின் கே10, கே12 இன்ஜின்களிலும் இருப்பது செயின். ஆயிலை ஒழுங்காக மாற்றிவந்தால் அது நீண்ட நாள் உழைக்கும். இன்ஜின் வகை தெரிவது, கிலோமீட்டர் தெரிவதைவிட எத்தனையோ மடங்கு உபயோகமான தகவல்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்க்கலாம். மீட்டர் தூரத்தை எண்ணுகிறது. இன்ஜின் உழைத்த நேரத்தை எண்ணுவதில்லை. டிராக்டரையும் ஜெனரேட்டரையும் மணிக்கணக்கில்தானே மதிப்பிடுகிறோம்? சென்னை நெரிசலில் சராசரியாக மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் 28,000 கி.மீ. ஓடிய கார் ஏறத்தாழ 1,870 மணி நேரம் உழைத்திருக்கிறது. வாராவாரம் திருச்சிக்கும் மதுரைக்கும் நெடுஞ்சாலையில் போய், சராசரியாக 60 கி.மீ. வேகத்தில் 90,000 கி.மீ. ஓடிய கார் உழைத்தது 1,500 மணி நேரம். முன்னதில் கிளட்ச் ஒவ்வொரு சிக்னலிலும் தேய்ந்திருக்கிறது. பின்னதில் ஐந்தாவது கியரில் போட்டதோடு காலை எடுத்தாகிவிட்டது. மூன்று மடங்குக்கு மேல் ஓடிய கார் குறைவாக உழைத்திருக்கிறது. சந்தையோ இதற்கு நேர்மாறாக விலை போடுகிறது.

யார் எழுதிய எண்?

இதுவரை சொன்னதெல்லாம் மீட்டர் உண்மை பேசுகிறது என்று வைத்துக்கொண்டு சொன்னது. அதற்கு என்ன உத்தரவாதம்?

பழைய முள் மீட்டரின் சக்கரத்தைத் திருப்ப ஆளும் கருவியும் வேண்டியிருந்தன. டிஜிட்டல் மீட்டர் வந்தபின் அதைத் திருத்துவது இன்னும் சுலபமாகிவிட்டது; கணினியை இணைத்து வேண்டிய எண்ணை எழுதிவிடலாம். இது அப்பட்டமான ஏமாற்று வேலை, குற்றம். ஆனால் பிடிபடுவது அபூர்வம். ஏனென்றால் ஒப்பிட்டுப் பார்க்க நம்மிடம் வேறு பொதுப் பதிவே கிடையாது. பிரிட்டனில் மூன்று வயதைத் தாண்டிய கார் ஆண்டுதோறும் அரசு விதித்த சோதனைக்குப் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் மீட்டர் எண் பதிவாகும். பதிவெண்ணைப் போட்டால் எவரும் அதைப் பார்க்கலாம். பெல்ஜியத்தில் 2006 முதல், பழைய காரை விற்பவர் அதன் கிலோமீட்டர் வரலாற்றுச் சான்றிதழைக் கொடுத்தாக வேண்டும். அந்த நாடுகளில் கிலோமீட்டரை நம்பலாம், பின்னால் சாட்சி இருக்கிறது. இங்கே சொந்த உபயோகக் கார் ஒருமுறை பதிவானால், பதினைந்து ஆண்டு கழித்துப் பதிவைப் புதுப்பிக்கும்போதுதான் எஃப்.சி.க்குப் போகிறது. இடைப்பட்ட காலத்தில் கிலோமீட்டரை எழுதி வைப்பவர் சர்வீஸ் சென்டர்காரர் ஒருவர்தான். அந்தப் பதிவைக் கேட்காமல் மீட்டரை மட்டும் நம்புவது, கடன் வாங்கியவர் சொல்வதை வைத்தே அவருடைய கடன் கணக்கை முடிப்பதற்குச் சமம்.

இந்த மோசடிக்குப் புரோக்கர்களைத் திட்டுவது வழக்கம். திட்ட வேண்டியதுதான். ஆனால் அந்தத் திருத்தத்துக்குப் பணம் கொடுப்பவர் யார்? ஒரே மாடல், ஒரே ஆண்டு. ஒன்றில் 45,000, மற்றொன்றில் 95,000 என்றால், முதல் காருக்குப் பல ஆயிரம் கூடுதலாகத் தரத் தயாராக வாங்குபவர் வந்து நிற்கிறார். மீட்டர் எண் பணமாக மாறுகிற இடத்தில் அதைத் திருத்த ஆள் வராமல் இருக்குமா? நேர்மையாக ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ஓட்டி, நேரத்துக்கு சர்வீஸ் செய்து, அத்தனை பில்லையும் கோப்பில் வைத்திருப்பவரிடம் புரோக்கர் சொல்வது இதுதான்: “லட்சம் தாண்டினா போகாது சார். விலையைக் குறைங்க, இல்லாட்டி எங்கிட்ட விடுங்க, நான் பாத்துக்கறேன்.” அந்த “பாத்துக்கறேன்” என்பதற்கு என்ன பொருள் என்று இருவருக்குமே தெரியும்.

அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ல் எழுதிய ஒரு கட்டுரைக்கு எடுத்துக்கொண்ட உதாரணமே பழைய கார் சந்தைதான். விற்பவருக்கு வண்டியின் உண்மை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் நல்ல வண்டிக்கும் மட்டமான வண்டிக்கும் ஒரே விலை பேசப்படுகிறது. கட்டுப்படியாகாமல் நல்ல வண்டிக்காரர் விலகிக்கொள்கிறார். சந்தையில் மட்டமானவை மிஞ்சுகின்றன. அந்தச் சிந்தனைத் தடத்துக்காக 2001-ல் பொருளாதார நோபல் பரிசு அவருக்கும் வேறு இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. நம் ஊர் வாங்குபவர்கள் அந்த நோயை இன்னும் முற்றவைக்கிறார்கள். பார்த்தறியக்கூடிய நல்ல அடையாளமான பராமரிப்புப் பதிவை ஒதுக்கிவிட்டு, எளிதில் பொய்யாக்கக்கூடிய ஒரே அடையாளத்துக்குப் பரிசு கொடுக்கிறார்கள்.

சிங்கிள் ஓனர் என்பதும் இதே ரகம்தான். ஒரே உரிமையாளர் பத்து ஆண்டு அலட்சியமாக வைத்திருந்த வண்டியும் சிங்கிள் ஓனர் வண்டியே. அக்கறையான இரண்டு பேர் கைமாறிய வண்டி அதைவிட ஒழுங்காக இருக்கலாம். தவிர, ஆர்.சி.யில் பெயர் மாற்றாமல், ஃபாரம் 29, 30-ல் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வண்டியை அடுத்தடுத்து விற்கும் பழக்கம் இங்கே நெடுநாளாக இருக்கிறது. காகிதத்தில் சிங்கிள் ஓனர். நிஜத்தில் மூன்று கை மாறியிருக்கும். டாக்டர் வண்டி பற்றிச் சொல்லவே வேண்டாம். விளம்பரங்களை நம்பினால் தமிழ்நாட்டில் பழைய கார்களின் எண்ணிக்கைக்கு மருத்துவக் கல்லூரிகள் போதாது. டாக்டர் நல்லவராகவே இருக்கட்டும்; அவசர அழைப்புக்கு ஓடும் அவர் கார் சூடேறுவதற்குக் காத்திருப்பாரா?

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் இந்த மோகத்தின் மிகக் கொடிய விளைவு. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னை மீண்டும் மூழ்கியது. அதே மாதம் தூத்துக்குடியும் நெல்லையும் மூழ்கின. அப்படி மூழ்கிய வண்டிகளில் இன்சூரன்ஸ் கம்பெனி டோட்டல் லாஸ் என்று கணக்கை முடித்தவை ஏலத்துக்குப் போகும். சில உலர்த்தித் துடைத்துப் பளபளப்பாகத் திரும்பி வரும். ஒரு வயதுக் கார் மூழ்கியிருந்தால் மீட்டரில் 9,000 காட்டும். தண்ணீர் புகுந்த ஒயரிங்கும் சேறு தின்ற பேரிங்கும் அந்த எண்ணில் இருக்காது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் சேற்றுக் கறை தெரியலாம். கார்ப்பெட்டைத் தூக்கினால் சீட் ரெயிலில் துரு தெரியலாம். ஸ்டெப்னி வைக்கும் குழியில் வண்டல் தெரியலாம். குறைந்த கிலோமீட்டரில் மயங்கியவர் இவற்றையெல்லாம் தேடிப் பார்ப்பதில்லை.

அதே பணத்துக்கு எந்த வண்டி?

இனி மோகத்தின் விலைக்கு வருவோம். கையில் இருப்பது ஒரே தொகை. கிலோமீட்டர் குறைவாக வேண்டும் என்றால் வயது கூடிய வண்டிக்குப் போக வேண்டும். கிலோமீட்டர் கூடினாலும் பரவாயில்லை என்றால் இரண்டு மூன்று ஆண்டு புதிய வண்டி கிடைக்கும். 2017-ல் வந்து 30,000 ஓடிய கார் ஒருபுறம், 2019 கடைசியில் வந்து 90,000 ஓடிய கார் மறுபுறம். நம்மவர்கள் பெரும்பாலும் முன்னதைத்தான் கை நீட்டி எடுப்பார்கள்.

அந்த இரண்டு ஆண்டில் சட்டம் மாறியது. 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புதிய கார்களிலும் ஏ.பி.எஸ். கட்டாயமானது. அதே ஆண்டு ஜூலை முதல் ஓட்டுநருக்கு ஏர்பேக்கும், சீட் பெல்ட் எச்சரிக்கையும், ரிவர்ஸ் சென்சாரும் கட்டாயமாயின. அதற்கு முன் சிறிய கார்கள் பலவற்றில் இவை விலை கூடிய வேரியன்ட்டுகளில் மட்டுமே இருந்தன. அடிமட்ட வேரியன்ட்டை வாங்கியவருக்கு ஒன்றும் இல்லை. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவின் சிறிய கார்கள் சிலவற்றை மோதிப் பார்த்தபோது ஆல்ட்டோ 800, ஐ10, ஃபிகோ, நானோ, ஏர்பேக் இல்லாத போலோ ஆகிய ஐந்தும் பெற்றது பூஜ்ஜிய நட்சத்திரம். ஏர்பேக் பொருத்திய அதே போலோவுக்கு நான்கு. சட்டம் வந்ததாலேயே எல்லாக் கார்களும் கோட்டையாகிவிடவில்லை என்பதும் உண்மை. 2019-ல் சோதித்த வேகன்-ஆருக்கு இரண்டு நட்சத்திரம்தான், 2020-ல் டியாகோ நான்கு வாங்கியது. ஆனாலும் மழை நாளில் ஏ.பி.எஸ். உள்ள காருக்கும் இல்லாத காருக்கும் உள்ள வேறுபாட்டை எந்தக் குறைந்த கிலோமீட்டரும் ஈடுகட்டாது. பிள்ளைகளைப் பின் சீட்டில் உட்காரவைத்து ஓட்டுபவர், 60,000 கி.மீ. குறைவு என்பதற்காக இதை விட்டுக்கொடுப்பது நியாயமா?

ஆயுள் கணக்கும் அப்படித்தான். சொந்த உபயோகக் காரின் பதிவு பதினைந்து ஆண்டுக்குச் செல்லும். 2012 காரை இன்று வாங்கினால் 2027-ல் எஃப்.சி. காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி. 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணத்தை 2022 ஏப்ரலில் மத்திய அரசு 5,000 ஆக்கிவிட்டது. அதன்மேல் பசுமை வரி. பதிவுக் காலம் சட்டப்படி வயதைப் பார்த்து முடிகிறது, மீட்டரைப் பார்த்து அல்ல. குறைந்த கிலோமீட்டருக்காகக் கூடுதல் பணம் கொடுத்து, ஆயுள் முடியப்போகும் பதிவை வாங்குவதில் என்ன லாபம்?

புதுசு மாதிரி இருக்கிறது என்று மூன்று வயது வண்டிக்குப் புதுக் காரின் விலையை ஒட்டிக் கேட்பவர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. நான்கு மீட்டருக்கு மேல் நீளாத, 1,200 சி.சி.க்கு மிகாத பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. புதிய சிறிய கார்களின் விலையே இறங்கியபின், பழைய விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு “கம்மியா ஓடின வண்டி” என்று பேசுவது செல்லாது.

பிறகு எதைப் பார்ப்பது?

“அப்படியானால் எதை நம்பி வாங்குவது?” என்ற கேள்வி நியாயமானது. என் வரிசை இது.

முதலில் காகிதம். சர்வீஸ் பில்களைக் கேளுங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்ட வண்டி என்றால், விற்பவரையே உடன் அழைத்துக்கொண்டு போய்ப் பதிவெண்ணைச் சொல்லி வரலாற்றை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு வருகையின் தேதியும் கிலோமீட்டரும் அதில் இருக்கும். மீட்டர் பொய் சொன்னால் அங்கேயே பிடிபடும். ஆர்.சி.யில் பேங்க் ஹைப்போதிகேஷன் இருந்தால், கடன் தீர்ந்ததற்கு என்.ஓ.சி.யும் ஃபாரம் 35-ம் இல்லாமல் அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள். இன்சூரன்ஸ் க்ளெய்ம் வரலாற்றைக் கேளுங்கள். பழைய உரிமையாளரின் நோ க்ளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது என்பதையும் விலை பேசும்போது நினைவில் வையுங்கள்.

அடுத்தது உடம்பு. இன்ஜினை மாற்றலாம், சேசிஸை மாற்ற முடியாது. கதவின் ரப்பர் பீடிங்கை இழுத்துப் பார்த்தால் கம்பெனி வைத்த ஸ்பாட் வெல்டு ஒரே இடைவெளியில் புள்ளி புள்ளியாகத் தெரியும். அது கலைந்திருந்தால் அங்கே டிங்கர் கை வைத்திருக்கிறார். பானெட்டுக்கு உள்ளே ஏப்ரன் நெளிந்திருக்கிறதா, போல்ட்டுகளில் ஸ்பானர் பட்ட தடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ தூத்துக்குடியிலோ உப்புக்காற்றில் நின்ற வண்டியானால், ஜாக்கி போட்டு அடியில் துருவைப் பார்க்காமல் நகரக் கூடாது. உப்புக்காற்றுக்கு வண்டி நின்றால் என்ன, ஓடினால் என்ன?

மூன்றாவது இன்ஜின். நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் பானெட்டில் கை வைத்துச் சூடு இருக்கிறதா என்று பாருங்கள். குளிர்ந்த இன்ஜின் மறைக்காது. நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. இடைவிடாமல் வெள்ளைப் புகை வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது. ஆயில் மூடியைத் திறந்தால் பேக் கம்ப்ரஷன் அடிக்கிறதா, மூடியின் அடியில் கசடு இருக்கிறதா என்று தெரியும். நான்காவது கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் இன்ஜின் இரைந்து வேகம் கூடாவிட்டால் கிளட்ச் போய்விட்டது. ஓடியதால் வந்த தேய்மானம் ஒரு மணி நேர ஓட்டத்தில் சத்தம் போட்டுத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். அதற்கு மெக்கானிக் விலை சொல்வார், அதை வைத்து நீங்கள் விலை குறைக்கலாம். நின்று கெட்டது வாங்கிய ஆறாவது மாதம்தான் வாயைத் திறக்கும்.

நான்காவது மாடல். உதிரிபாகம் தெருவுக்குத் தெரு கிடைக்கும் வண்டியை, செயின் இன்ஜினோடு எடுங்கள்: ஆல்ட்டோ கே10, 2010-க்குப் பிந்தைய வேகன்-ஆர், கே12 இன்ஜின் போட்ட ரிட்ஸ் அல்லது ஸ்விஃப்ட், 1.2 ஐ10, கிராண்ட் ஐ10. இவற்றின் பாகங்கள் சென்னை ஜி.பி. ரோட்டில் புதிதாகவும் புதுப்பேட்டையில் பழையதாகவும் கிடைக்கும். சின்ன ஊர் மெக்கானிக்குக்கும் இவற்றின் நோய் அத்துப்படி. 2017 கடைசியோடு இந்தியச் சந்தையை விட்டுப் போன செவர்லேயின் பீட் எவ்வளவு குறைவாக ஓடியிருந்தாலும், அடுத்த பத்து ஆண்டுக்கு அதன் பாகத்தைத் தேடி அலையப்போவது நீங்கள்தான்.

இதற்கும் ஓர் ஆட்சேபம் வரும்: “பில் வைத்திருப்பவர் யார் சார்? வாரன்டி முடிந்ததும் எல்லாரும் பக்கத்து மெக்கானிக்கிடம்தான் விடுகிறார்கள்.” உண்மைதான். அப்படியானால் அந்த மெக்கானிக்கின் பெயரையும் கடையையும் கேளுங்கள். பத்து ஆண்டு ஒரே ஆளிடம் விட்டவருக்கு அது உடனே நாவில் வரும். அந்த மெக்கானிக்குக்கும் வண்டியின் ஜாதகம் தெரிந்திருக்கும். பெயரே வராவிட்டால், அது பராமரிக்கப்படாத வண்டி என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்: ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், பெல்ட், நான்கு டயர், பேட்டரி ஆகிய அனைத்தின் செலவையும் கூட்டி, கேட்கும் விலையிலிருந்து கழியுங்கள். மீட்டர் எவ்வளவு காட்டினாலும் இந்தக் கழிவு மாறக் கூடாது. விற்பவர் “கிலோமீட்டரைப் பாருங்க சார்” என்பார். பார்த்துவிட்டேன், டயரின் ஆண்டையும் பார்த்துவிட்டேன் என்று சொல்லுங்கள்.

வாங்கிய பின் பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள். வண்டி கைமாறினாலும், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பாளி என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பெயர் மாறுவது விற்பவருக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு.

கார் விற்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒழுங்காகப் பராமரித்து லட்சம் கிலோமீட்டர் ஓட்டியவர் அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. பில்களை ஒரு கோப்பில் போட்டு, அதையே விளம்பரத்தின் முதல் வரியாக எழுதுங்கள். வாங்குபவர்கள் அந்த வரிக்கு விலை கொடுக்கத் தொடங்கும் நாளில் மீட்டரைத் திருத்துபவருக்கு வேலை இருக்காது. அதுவரை என் தீர்ப்பு ஒன்றே: கணக்கு வழக்கில்லாமல் 28,000 ஓடிய 2014 காரைவிட, நேரத்துக்கு ஆயில் மாற்றி, பில் வைத்து, 98,000 ஓடிய 2019 காரே மலிவானது, நம்பகமானது, பாதுகாப்பானது. உங்கள் பணத்தை அதற்குக் கொடுங்கள்.